பேசக் கூடாத டீச்சர்

திங்கட்கிழமை, சாயங்காலம்

ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு,

வணக்கம். அஞ்சாம் வகுப்பு டீச்சர் எழுதறேன். உங்க தொண்டை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு ஆயா சொன்னாங்க. சந்தோஷம். இந்த வாரம் பூரா வாயே திறக்கக் கூடாது, குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே. அப்போ போன் பண்ணிப் பிரயோஜனமில்ல. மெசேஜ் அனுப்பலாம்னா, ஸ்டாஃப் ரூம் சண்டைக்கு அப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டீங்க. ஆயா உங்க தெருவுலயே குடியிருக்கறதால பேப்பர்ல எழுதிக் கொடுத்தனுப்பறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என் பிள்ளைங்களைப் பக்கத்து செக்ஷனோட சேர்த்துட்டு, உங்க வகுப்பை ஹெச்.எம். என் தலையில கட்டிட்டாங்க. "ஒண்ணாம் வகுப்புல அடித்தளம் சரியில்லன்னு மீட்டிங்ல சொன்னீங்களே, ஒரு வாரம் நீங்களே போட்டுக் காட்டுங்க"ன்னு சிரிச்சுட்டே சொன்னாங்க. நானும் சிரிச்சுட்டே வாங்கிக்கிட்டேன். அதுதான் நான் செஞ்ச முட்டாள்தனம்.

இன்னிக்கு உங்க திட்டப்படி கழித்தல். எட்டு ஆப்பிள் வரைஞ்சேன். "எட்டுல மூணு போச்சு. மீதி எவ்வளவு?"ன்னேன். முதல் பெஞ்சுல ஒருத்தன் இருக்கானே, நீங்கல்லாம் வக்கீல்னு கூப்பிடறவன், அவன் எழுந்து, "எங்க போச்சு டீச்சர்?"னான். யாரோ சாப்பிட்டுட்டாங்கன்னேன். "யாரைக் கேட்டு?"னான். அதுக்குள்ள பின்னால ஒருத்தி அழுதா. பல்லு விழுந்துடுச்சு. விழுந்த பல்லைக் காணோம். நாப்பது பேரும் பெஞ்சுக்கு அடியில பல்லு தேடினாங்க. அது முடிஞ்சதும் ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வந்தது. உடனே எல்லாருக்கும் வந்துடுச்சு.

கழித்தல் எட்டுலயே நிக்குது. இவங்களை எப்படி உட்கார வைக்கறதுன்னு மட்டும் எழுதி அனுப்புங்க. வேற எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்பு


செவ்வாய்க்கிழமை, காலை

அஞ்சாம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி.

"ஒண்ணாம் வகுப்பில் ஆட்டமும் பாட்டும்தான் நடக்கிறது, அங்கிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் கழிக்கவும் தெரியவில்லை, படிக்கவும் தெரியவில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் தாங்கள் சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. அதுவரை அக்கா, தங்கச்சி என்று ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பதும் நினைவிருக்கிறது. போகட்டும்.

பிள்ளைகளை "எப்படி உட்கார வைப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார வைக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பாருங்கள். எட்டு பேரை முன்னால் நிறுத்தி, மூன்று பேரைக் கதவுக்கு வெளியே அனுப்புங்கள். எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று வக்கீல் கேட்க மாட்டான். அவனையே அனுப்பிவிடலாம்.

ஒண்ணுக்குக் கேட்டால் இரண்டு இரண்டு பேராக விடுங்கள். போனவர்கள் திரும்பி வந்தால்தான் அடுத்த இருவர். விழுந்த பல் அநேகமாக அந்தப் பெண்ணின் பாக்கெட்டிலேயே இருக்கும்.

இன்று மிதப்பதும் மூழ்குவதும். பக்கெட்டில் பாதித் தண்ணீர் போதும். நீங்களே எல்லாவற்றையும் போட்டுக் காட்டாதீர்கள். அவர்கள் கையால் போடட்டும்.

வெள்ளிக்கிழமை திறந்த வகுப்பு. பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்றைக்குப் பாடம் வாசித்துக் காட்ட மூன்றாம் பெஞ்சுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் சித்திரம் என்று கூப்பிடுவோம். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மற்றவர்களைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒண்ணாம் வகுப்பு ஆசிரியை


செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்

டீச்சருக்கு,

பல்லு பாக்கெட்டுலதான் இருந்தது. ஒத்துக்கறேன்.

பக்கெட் விஷயம் ஒத்துக்க மாட்டேன். முதல்ல ரப்பர் போட்டாங்க, இலை போட்டாங்க, பேனா மூடி போட்டாங்க. நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒருத்தன் தன் ஷூவைக் கழட்டிப் போட்டான். அது மிதந்தது. மிதந்தா இன்னொரு ஷூவும் மிதக்குமான்னு பார்க்கணுமாம். அடுத்தவன் தன் ஷூ பெரிசுன்னான். நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள பக்கெட்டுல தண்ணி இல்ல, எல்லாம் என் புடவையில. ரூம் முழுக்கச் சொதசொதன்னு ஈரம். வக்கீல் பெஞ்சு மேல ஏறி நின்னு, "டீச்சரும் மூழ்கிட்டாங்க"ன்னு கத்தினான்.

போதும்டா சாமின்னு பக்கெட்டை வெளியில வச்சுட்டு, போர்டு நிறைய எழுதிப் போட்டு, பார்த்து எழுதுங்கன்னு சொல்லிட்டேன். என்ன ஆச்சரியம்! சத்தமே இல்ல. பென்சில் உரசற சத்தம் மட்டும்தான். ஹெச்.எம். வராந்தாவுல போனவங்க நின்னு எட்டிப் பார்த்தாங்க. "இந்த ரூம் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல"ன்னாங்க.

இதை உங்க மனசு நோகணும்னு எழுதல. நடந்தது இது.

நாளைக்கும் பார்த்து எழுதறதுதான்.

அஞ்சாம் வகுப்பு


புதன்கிழமை, காலை

அஞ்சாம் வகுப்புக்கு,

பார்த்து எழுதுவதா? நாள் முழுக்கவா?

நான் வாய் திறக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். திறக்கலாம் என்றிருந்தால் நேற்றே உங்கள் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் போய்விட்டார். இந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான் பேசுகிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு இப்படி ஒரு வாரம் வாய்த்ததில்லை. டி.வி. ரிமோட்டை என் கையில் கொடுப்பதில்லை; "வேணும்னா கேளேன்" என்கிறார்.

சத்தம் இல்லாத வகுப்பு நல்ல வகுப்பு என்று ஹெச்.எம். சொல்லலாம். அவருக்கு அறையின் வாசல்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கிற நீங்கள் சொல்லக் கூடாது. பார்த்து எழுதுகிற பிள்ளைக்குக் கைதான் வேலை செய்கிறது. தலை எங்கேயோ இருக்கிறது. ஷூ மிதக்கிறதா என்று பார்த்தவன்தான் நேற்று ஏதோ கற்றுக்கொண்டான். நீங்கள் அவனைத் திட்டியிருப்பீர்கள்.

எழுதியதை வாசிக்கச் சொன்னீர்களா? ஒருவரையாவது?

ஒண்ணாம் வகுப்பு


புதன்கிழமை, சாயங்காலம்

டீச்சருக்கு,

வாசிக்கச் சொன்னேன். நீங்க கேட்டீங்கன்னுதான் சொன்னேன். இப்போ அதைத்தான் எழுதப் போறேன். கோபப்படாம முழுசாப் படிங்க.

போர்டுல "மரத்தின் மேல் குருவி"ன்னு எழுதியிருந்தேன். என் முந்தானை பட்டு "குருவி"யில கடைசி எழுத்து அழிஞ்சு வெள்ளையா ஒரு கறை மாதிரி ஆயிடுச்சு. நான் கவனிக்கல. பாதிப் பேர் அவங்களாவே "குருவி"ன்னு எழுதிட்டாங்க. வக்கீல் கையைத் தூக்கி, "டீச்சர், குருவிக்கு வால் இல்ல"ன்னான். மத்தவங்க "குரு"ன்னு நிறுத்திட்டாங்க.

உங்க சித்திரம் என்ன செஞ்சா தெரியுமா? அந்தக் கறையையும் எழுதியிருக்கா. பென்சிலைச் சாய்ச்சுப் பிடிச்சு, அழிஞ்ச இடம் மாதிரியே அழகாத் தீட்டியிருக்கா. நான் அவ பக்கத்துல உட்கார்ந்தேன். "இது என்ன கண்ணு?"ன்னு கறை மேல விரலை வச்சேன். "சரி, இது?"ன்னு "மேல்" மேல வச்சேன். பதில் இல்ல.

புத்தகத்தை எடுத்து முதல் பாடத்தைத் திறந்தேன். கடகடன்னு ஒப்பிச்சா. ஒரு பிசிறு இல்ல. நடுவுல ஒரு வார்த்தையில விரலை வச்சு, இது மட்டும் சொல்லுன்னேன். உதட்டுக்குள்ளயே முதல்ல இருந்து ஆரம்பிச்சு, அங்க வந்து சேர்ந்து சொல்றா. புதுசா நான் "படம்"னு எழுதிக் காட்டினேன். என் வாயையே பார்த்துட்டு இருந்தா. நான் சொன்னா அவளும் சொல்வா. சொல்லலன்னா ஒண்ணும் இல்ல.

டீச்சர், அவளுக்குப் படிக்க வராது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லாமே காதுல கேட்டது. எழுதறதெல்லாம் வரையறது. அவ நோட்டைத் திருப்பிப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் நீங்க ஸ்டார் போட்டிருக்கீங்க.

நாளன்னைக்கு அவதான் எல்லாருக்கும் முன்னால வாசிக்கணும். என்ன செய்யட்டும்?

அஞ்சாம் வகுப்பு


வியாழக்கிழமை, காலை

அஞ்சாம் வகுப்புக்கு,

நம்ப மாட்டேன்.

புது டீச்சரைப் பார்த்துப் பயந்திருப்பா. பக்கத்துல போய் உட்கார்ந்து கறை மேல விரலை வச்சு இது என்னன்னு கேட்டா நான்கூடப் பதில் சொல்ல மாட்டேன். ஒரு கறைக்கு யார் பேர் வச்சிருக்கா? ஒரு மணி நேரம் பார்த்துட்டு, ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னு எழுதறீங்க. நான் ஜூன்ல இருந்து பார்க்கறேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு ஆயாவைக் காத்திருக்கச் சொன்னேன். ஆயா சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து என் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் யோசித்துப் பார்த்தேன். அவளைத் தனியாக ஒரு புது வார்த்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேனா என்று. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அவள் குரல்தான் முன்னால் வரும். நோட்டும் சுத்தமாக இருக்கும். நாற்பது பேரில் தொல்லை கொடுக்கிறவர்கள் பக்கம்தான் கால் போகும். அவள் பக்கம் போக வேண்டிய தேவையே இருந்ததில்லை.

நீ மீட்டிங்கில் சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை முதலில் புரிந்துகொள்.

ஒரு உதவி கேட்கிறேன். வெள்ளிக்கிழமை முடியட்டும். அவள் முதல் பாடத்தை ஒப்பித்துவிடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அவள் அம்மாவிடமோ ஹெச்.எம்.மிடமோ எதுவும் சொல்லாதே. திங்கட்கிழமை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். குரல் போன டீச்சரை ஒண்ணாம் வகுப்பில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஹெச்.எம். ஏற்கெனவே கேட்டிருக்கிறார். இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒண்ணாம் வகுப்பு


வியாழக்கிழமை, சாயங்காலம்

டீச்சருக்கு,

இன்னிக்குப் பூரா ஒத்திகை. நடுவுல கிடைச்ச நேரமெல்லாம் அவளை மடியில போட்டுக்காத குறையா வச்சுட்டு உட்கார்ந்தேன். "ப", "ட", "ம்". சொல்லிக் கொடுத்தப்புறம் தனித்தனியாச் சொல்றா. மூணையும் சேர்த்துப் படின்னா என் உதட்டைப் பார்க்கறா. நான் கையால வாயை மூடிக்கிட்டேன். அவ என் கண்ணைப் பார்த்தா. கடைசியில எனக்குப் பொறுமை போய் "படம்! படம்! படம்!"னு கத்திட்டேன். அவளும் அதே மாதிரி, அதே எரிச்சலோட, "படம்! படம்! படம்!"னு கத்தினா. அப்படியே நான்தான். வகுப்பே சிரிச்சது.

எனக்கு அழுகையா வந்தது. அஞ்சாம் வகுப்புல பின்னம் புரியாதவனுக்குப் புரிய வைக்கறது எனக்கு ஒரு விஷயமே இல்ல. இங்க ஒரு வார்த்தைகூட நகர மாட்டேங்குது.

நீங்க கேட்ட உதவி எனக்குப் பிடிக்கல. அவ அம்மாகிட்ட எத்தனை நாள் மறைக்கறது? யார் பேரைக் காப்பாத்த? ஆனா நாளைக்கு எல்லார் முன்னாலயும் அவளை நிக்க வச்சு அசிங்கப்படுத்த மாட்டேன். அது மட்டும் சத்தியம்.

அஞ்சாம் வகுப்பு


வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

டீச்சருக்கு,

ஆயா அவசரப்படுத்தறாங்க. ஆனா இதைச் சுருக்கி எழுத முடியாது.

பெத்தவங்க எல்லாம் பெஞ்சு போதாம சுவரோரமா நின்னாங்க. எட்டுப் பேரை நிறுத்தி மூணு பேரை வெளியில அனுப்பிக் கழித்தல் செஞ்சோம். நல்லா கைதட்டினாங்க. வெளியில போன மூணு பேரும் திரும்பி வரல, கிரவுண்டுக்குப் போயிட்டாங்க. அது வேற கதை.

அப்புறம் சித்திரம். புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு முதல் பாடத்தைத் தண்ணி மாதிரி சொன்னா. அவ அம்மா கதவு பக்கத்துல நின்னாங்க. ஹோட்டல் லாண்டரியில வேலையாமே. யூனிஃபாரத்தோடவே ஓடி வந்திருந்தாங்க. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

அதோட உட்கார வச்சிருப்பேன். ஹெச்.எம். விடல. அலமாரியில இருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, "இதையும் கொஞ்சம் படிச்சுக் காட்டு கண்ணு"ன்னு விரிச்சுக் கொடுத்தாங்க. நான் அவசரமா நடுவுல போய், "மேடம், நேரமாகுது"ன்னேன். "ஒரு பக்கம்தானே"ன்னாங்க.

அந்தப் பக்கத்துல யானை கட்டில்ல படுத்திருக்கற படம். கீழ எழுதியிருந்தது, "யானைக்குக் காய்ச்சல். மருத்துவர் வந்தார்." சித்திரம் படத்தைப் பார்த்தா. விரலை எழுத்து மேல வச்சா. வாசிக்கற குரல்லயே, நிறுத்தி நிறுத்தி, சொல்றா: "யானை வேலைக்குப் போயிட்டு வந்தது. அதுக்குக் கால் வலி. அது தூங்கட்டும். யாரும் எழுப்பாதீங்க."

ஹெச்.எம். அந்தப் பக்கம் நின்னதால அவங்களுக்கு எழுத்து தெரியல. எல்லாரும் கைதட்டினாங்க. பின்னால இருந்த என் கண்ணுல மட்டும் அந்த ரெண்டு வரியும் பட்டுது. அவ திரும்பி என்னைப் பார்த்தா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சது. அந்தப் பார்வையை என்னால உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. நானும் கைதட்டினேன்.

எல்லாரும் போனதும் அவ அம்மா என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இவ படிச்சுட்டா போதும் டீச்சர், நான் எவ்வளவு துணி வேணா தேய்ப்பேன்"னாங்க. அதுக்கு மேல என்னால முடியல. சொல்லிட்டேன்.

என்னையும் சித்திரத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "ஸ்டார் போட்டது யாரு? டீச்சருங்க நீங்கதானே? இப்போ எதுவும் வராதுங்கறதும் நீங்கதானே?"ன்னாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. அப்புறம்தான் குரல் ஏறிச்சு. நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல என்னையும் கூப்பிட்டாங்க. அங்க என்ன நடந்ததுன்னு நீங்களே ஊகிச்சுக்கலாம்.

நீங்க சொல்லாதேன்னீங்க. நான் சொல்லிட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனா உங்களைக் கவுக்கணும்னு செய்யல. அதையாவது நம்புங்க.

அஞ்சாம் வகுப்பு


சனிக்கிழமை, மத்தியானம்

உனக்கு,

நீ செய்த காரியத்துக்கு உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று காலையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டாயிற்று. அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது.

சித்திரத்தின் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். கூடவே குழந்தையும். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன்.

வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள். "ஜூன் மாசத்துல இருந்து நல்லா படிக்கறா, நல்லா படிக்கறான்னு சொன்னீங்களே டீச்சர், எதைப் பார்த்துச் சொன்னீங்க? நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே. அந்த டீச்சர் சொல்றது நிஜமா? பொய்யா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" நான் தொண்டையைக் காட்டி, கையை ஆட்டி, உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இந்த வாரம் வீட்டில் பேசுவதற்கு வைத்திருக்கிற சிலேட்டை எடுத்து எழுதினேன். "உண்மைதான். அவளுக்குப் படிக்க வரவில்லை. நான் சொல்லித் தருகிறேன்."

காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எழுதாதீங்க டீச்சர். எனக்கு அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வந்து நிக்கறேன்?" என்றாள்.

நான் சிலேட்டைப் பிடித்தபடி நிற்கிறேன். அவள் சுவரைப் பார்க்கிறாள். நடுவில் இருந்த சித்திரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, சிலேட்டில் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"அம்மா, திட்டாதீங்க. சித்திரம் நல்லா படிப்பா. டீச்சருக்குத் தொண்டை வலி. நாம வீட்டுக்குப் போகலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்படியா டீச்சர் எழுதியிருக்கீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு பேரும் சமாதானமாகப் போயிருப்பார்கள். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"இல்லைம்மா" என்றேன்.

அது என் குரலே இல்லை. கோணி கிழிகிற மாதிரி இருந்தது. சித்திரம் பயந்து அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். திங்கட்கிழமை முதல் பெல் அடிப்பதற்கு முன்னால் கொண்டுவந்து விடு, தனியாகச் சொல்லித் தருகிறேன் என்றேன். "நான் விடியறதுக்குள்ள லாண்டரிக்குப் போயிடுவேன். யார் கொண்டுவந்து விடுவா?" என்றாள். சாயங்காலம் என்றேன். "சாயங்காலம் ஸ்கூலைப் பூட்டிடுவாங்களே" என்றாள். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, சண்டை மாதிரியே போயிற்று. கடைசியில் கோபமாகவே எழுந்து போனாள். குழந்தை மட்டும் கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

என் வீட்டுக்காரர் வந்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வீங்கியிருக்கிறதாம். டாக்டர் என்னைச் சின்னப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி திட்டினார். இன்னும் ஒரு மாதம் மூச். அதற்குப் பிறகும் பழைய குரல் வருமா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார். எழுதிக் காட்டிக் கேட்டதற்கு எழுதாமல் பதில் சொல்கிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

உன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் நீ சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது எழுத என்னால் முடியவில்லை.

அக்கா


ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

ஆயா லீவுன்னு உங்க வீட்டுக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். "இதைக் கொடுத்துட்டு பதிலோட வான்னு சைகை பண்ணினா, என்ன எழுதியிருக்கான்னு தெரியல, கொஞ்சம் மெதுவாப் படிம்மா"ன்னு பயத்தோட சொன்னார். படிச்சு முடிக்கற வரைக்கும் கேட் பக்கத்துலயே நின்னார்.

ஏன்க்கா பேசினீங்க? ஒரு வாரம் பொத்திப் பொத்தி வச்சுட்டு. எனக்குக் கோபம் கோபமா வருது. உங்க மேலயா, என் மேலயா, ஹெச்.எம். மேலயான்னு தெரியல.

வெள்ளிக்கிழமை ஹெச்.எம். ரூம்ல நடந்ததை நான் எழுதல. இப்போ எழுதறேன். நாளையில இருந்து ஒண்ணாம் வகுப்பு எனக்காம். உங்களை லைப்ரரிக்கு மாத்தறாங்க. "பேசாம இருக்கறதுக்கு ஏத்த இடம்"னு அவங்களே சொல்லி அவங்களே சிரிச்சாங்க. எனக்கு வேண்டாம், என் அஞ்சாம் வகுப்பைக் கொடுங்கன்னேன். "அடித்தளம் நீங்கதானே போடணும்னீங்க"ன்னாங்க. எழுதிக் கொடுக்கறேன்னேன். எழுதிக் கொடுங்க, ஃபைல்ல வைக்கறேன்னாங்க. வெளியில வந்து சுவத்துல முட்டிக்கணும் போல இருந்தது.

எனக்கு அந்த நாப்பது பேரையும் பிடிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். வக்கீலை மட்டும் கொஞ்சம் பிடிக்கும். சித்திரத்தை நினைச்சாதான் ராத்திரி சாப்பாடு இறங்க மாட்டேங்குது. என்கிட்ட அவ ஒண்ணும் கத்துக்க மாட்டா அக்கா. நான் வாயைத் திறந்தா போதும், அதைப் பிடிச்சுக்கறா. திறக்காம இருக்க எனக்கு வரல.

நான் என்ன செய்யட்டும்? நிஜமாவே கேக்கறேன்.

தங்கச்சி


திங்கட்கிழமை, சாயங்காலம், லைப்ரரியில் இருந்து

தங்கச்சிக்கு,

வராந்தாவுக்கு அந்தப் பக்கம்தான் உன் வகுப்பு. நீ போடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. எட்டுல மூணு போச்சுன்னு இன்னும் எத்தனை நாளைக்குக் கத்துவே?

உன் கடிதத்தை நேத்து ரெண்டு தடவை படிச்சேன். நீ வாயைத் திறந்தா அவ பிடிச்சுக்கறான்னு எழுதியிருந்தே. அதுல நின்னுட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்துல வாயைத் திறக்கவே முடியாத ஆள் ஒருத்திதானே இருக்கா? அதனாலதான் காலையில முதல் வேலையா ஆயாகிட்ட சீட்டு எழுதிக் கொடுத்தேன், கடைசி பீரியடுக்குச் சித்திரத்தை இங்க அனுப்புன்னு. நீ ஏன்னு கேக்காம அனுப்பினே. அது உன் வாழ்க்கையிலயே முதல் தடவையா இருக்கும்.

அவ அம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் இவளை ஆயா பார்த்துக்கறதா ஒத்துக்கிட்டா. ஹெச்.எம்.முக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா கூப்பிடுவாங்க. நான் போய் பேசாம நிப்பேன். எவ்வளவு நேரம்தான் அவங்களே பேசுவாங்க?

வந்ததும் சித்திரம் பயந்துட்டே நின்னா. சனிக்கிழமை கேட்ட குரல் மறுபடியும் வருமோன்னு என் கழுத்தையே பார்த்தா. நான் உதட்டை இறுக்கி மூடிக் காட்டினேன். படமே இல்லாத ஒரு புத்தகமா எடுத்தேன். இந்த லைப்ரரியில அதைத் தேடறதுதான் பெரிய பாடாப் போச்சு. ஒரு வார்த்தை மேல விரலை வச்சேன்.

என் உதட்டைப் பார்த்தா. ஒண்ணும் இல்ல. கண்ணைப் பார்த்தா. ஒண்ணும் இல்ல. "சொல்லுங்க டீச்சர்"னா. மாட்டேன்னு தலையை ஆட்டினேன். ஒரு கதை சொன்னா, அந்த வார்த்தைக்கு. ஏதோ பூனையாம், பாலாம். அது இல்லன்னு மறுபடியும் தலையை ஆட்டினேன். இன்னொரு கதை சொன்னா. நான் விரலை எடுக்கல. மேஜைக்கு அடியில காலை உதைச்சா. அப்புறம் அழுதா. "அந்த டீச்சர்னா சொல்வாங்க"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள கொதிச்சுது. ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைச்சா என்னன்னு இருந்தது. தொண்டை மட்டும் நல்லா இருந்திருந்தா சத்தியமாச் சொல்லியிருப்பேன். ஜூன்ல இருந்து இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே கொடுத்திருக்கேன்.

அழுது முடிச்சா. மூக்கைத் துடைச்சா. வேற வழியே இல்லன்னு ஆனதும் எழுத்தைப் பார்த்தா. முதல் தடவையா எழுத்தை மட்டும் பார்த்தா. "ப"ன்னா. நான் அசையல. "ட்"னா. ரொம்ப நேரம் அங்கயே நின்னா. "ட"ன்னா. "ம்"னா. திரும்ப முதல்ல இருந்து வந்தா. வழியில ஒரு எழுத்தைத் தொலைச்சா. மறுபடியும் வந்தா. எனக்கு முதுகெல்லாம் வேர்த்துடுச்சு.

"பட்டம்"னா.

என் முகத்தைப் பார்த்தா. நான் எதுவும் காட்டல. காட்டினா அதையும் பிடிச்சுக்குவாளோன்னு பயம். அவளே இன்னொரு தடவை விரலை வச்சுப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னா. அப்புறம் புத்தகத்துல மீதி இருந்த அத்தனை எழுத்தையும், பக்கம் பக்கமாத் திருப்பிப் பார்த்துட்டு, என்கிட்ட ரொம்பச் சலிப்பா கேட்டா:

"எல்லாத்தையும் இப்படியேவா படிக்கணும் டீச்சர்?"

சிரிக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சிரிச்சுட்டேன்.

அக்கா